வாரியல் கட்டிய வண்டி

இல்லை அண்ணாச்சி, இந்தப் படத்தில் சைக்கிள் ஓட்டுவது நான் இல்லை. அது யாரோ ஜெர்மன்காரர். பின்னால் தெரிகிற மலையும், மேலே கோட்டைச் சுவரும், சுவருக்குள் அடுக்கி வைத்த மாதிரி இருக்கிற வீடுகளும்தான் எனக்குத் தெரிந்தவை. இத்தாலியில் அந்தப் பக்கம் எல்லா ஊரும் மலை உச்சியில்தான் இருக்கும். கீழே ஆலிவ் மரம், நடுவில் வளைந்து வளைந்து ஒரு ரோடு, அதில் யாராவது ஒருத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். வெளிநாட்டிலிருந்து காசு செலவழித்து வந்து மிதிப்பார்கள்.

உங்கள் மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது, நம் பிள்ளைகளை அங்கே நல்லபடியாக நடத்துவார்களா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நடந்த ஒன்றை ஊர் வந்து இறங்குவதற்குள் சொல்கிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நடந்தது இல்லை. சுடலைமணிக்கு நடந்தது. அவன் எனக்குச் சொன்னது. அதுவும் ஒரே ஒரு தடவை, அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னான். அதனால் எனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே சொல்வேன்.

அவன் பணகுடிக்காரன். நான் கல்லிடைக்குறிச்சி. இத்தாலியில் பெருஜா என்கிற ஊரில் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஒரே அறை. அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். என் அப்பா அப்பளக் கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நாங்கள்தான். எங்கள் வீட்டில் ஒரு படிவத்தை நிரப்பத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். அண்ணாச்சி, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நாங்கள் அங்கே போனதும் நான் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான். தாளில் எழுதியிருப்பதைச் செய். அதற்கு மேல் எதுவும் செய்யாதே. நம்மைப் போன்றவர்களுக்குச் சிபாரிசுக்கு ஆள் கிடையாது, தாள்தான் நமக்கு ஆள். இதில் தப்பு ஒன்றும் இல்லையே?

படிப்பு முடிந்ததும் வேலை தேட அங்கே கொஞ்ச காலம் விடுவார்கள். அதற்குள் யாராவது ஒரு முதலாளி வேலைக்கு எடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் தங்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சுடலைமணிக்கு ஜூன் கடைசியோடு முடிகிறது. ஏப்ரல் பாதி வரைக்கும் நாற்பது இடத்துக்கு எழுதினான். எர்மான்னோ என்று ஒருத்தர்தான் கூப்பிட்டார். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து மலை ஊர்களில் சைக்கிள் ஓட்ட வைக்கிற தொழில் அவருக்கு. அவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள், பின்னால் ஒரு வேன் அவர்களுடைய பெட்டி, தண்ணீர், மாற்று டயர் எல்லாம் சுமந்துகொண்டு போகும். அந்த வேனை ஓட்டத்தான் ஆள். சுடலைமணி இத்தாலி லைசென்ஸ் எடுத்தவன். இத்தாலி மொழியிலேயே பரீட்சை எழுதி, இரண்டாவது தடவையில் பாஸ் பண்ணியவன்.

மூன்று வாரம் ஓட்டினான். எர்மான்னோவுக்குப் பிடித்துவிட்டது. மே மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெரிய ஓட்டம் இருக்கிறது, அது முடியட்டும், திங்கட்கிழமை வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இதை அவர் வாயாலேயே சொன்னார். சாட்சிக்கு ஒருத்தரும் இல்லை, ஆனால் சொன்னார்.

அந்த ஓட்டம் பந்தயம் இல்லை அண்ணாச்சி. யார் முதலில் வந்தார் என்று பார்க்க மாட்டார்கள். முந்நூறு பேர், எல்லாரும் பழைய இரும்புச் சைக்கிள், அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை. தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர், பாதி ரோடு தார் கிடையாது, வெள்ளைச் சரளை. வழியில் ஆறு ஊர். ஒவ்வொரு ஊர்ச் சதுக்கத்திலும் மேஜை போட்டு, எண்ணெய் ஊற்றிய ரொட்டியும் பிளாஸ்டிக் தம்ளரில் ஒயினும் கொடுத்து, ஆளுக்கு ஓர் அட்டையில் முத்திரை குத்துவார்கள். ஆறு முத்திரையோடு திரும்பி வந்தால் கைதட்டல். அவ்வளவுதான்.

எல்லாருக்கும் கடைசியில் ஒரு வேன் போகும். முடியாமல் விட்டுவிட்டவர்களை ஏற்றிக்கொள்ள. அதற்கு அங்கே பெயரே துடைப்ப வண்டி. பெயர் மட்டும் இல்லை, வேனுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வாரியலை நட்டுக்குத்தலாகக் கட்டியிருப்பார்கள். அதுதான் வழக்கம். அந்த வண்டிதான் சுடலைமணிக்கு. காலையில் வீடியோவில் அவன் அம்மா பார்த்துவிட்டு, "என்னலே, வண்டில போயி வாரியலக் கட்டிருக்க?" என்று கேட்டார்களாம். கண் படாமல் இருக்கக் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டான். எங்கள் நண்பர்கள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டு, முதுகலை முடித்துவிட்டு வாரியல் வண்டி ஓட்டுகிறான் என்று ஒருத்தன் எழுதினான். நான் எழுதவில்லை. சிரிப்புப் படம் மட்டும் போட்டேன்.

அவனுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒன்பது விதி. முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வாசித்தோம். கடைசியாகப் போகிறவரை வேன் முந்தக் கூடாது. ஒருவர் விலகினால் அவருடைய எண் பலகையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும். வேன் கடந்து போன பிறகுதான் மேஜையை எடுக்கலாம், ரோட்டைத் திறக்கலாம். அதாவது, அந்த மலை முழுக்க இவன் வரும்வரை காத்துக்கொண்டிருக்கும். பயமாக இருக்கிறது என்றான். எதற்குப் பயம், தாளில் இருக்கிறதே என்றேன்.

கடைசியாக வந்தவர் அடெல்மோ என்று ஒரு பெரியவர். எழுபத்தெட்டு வயது. எண் இருநூற்றுப் பதினான்கு. பச்சைச் சைக்கிள். ஏற்றத்தில் அவர் மிதித்த வேகத்துக்குப் பக்கத்தில் நடந்து போகிறவன் நின்று நின்று போக வேண்டும் என்றான் சுடலைமணி. வேன் முதல் கியரிலேயே ஊர்ந்து, கிளட்ச் கருகுகிற வாடை வந்ததாம். செங்குத்தான இடத்தில் அவர் இறங்கித் தள்ளுவார். இவன் நிறுத்துவான். அவர் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்லிச் சிரிப்பார். இவனும் சிரிப்பான். ஒரு தடவை அவர், "நீ எனக்கு வண்டி ஓட்டுதியா, இல்ல சவ ஊர்வலத்துக்கு ஓட்டுதியா?" என்கிற மாதிரிக் கேட்டாராம். அவர் கேட்டது இத்தாலியில். இவன் எனக்குச் சொன்னது நம் பேச்சில்.

முதல் இரண்டு ஊரும் அப்படியே கடந்தது. கல் வாசலுக்குள் நுழைகிற இடத்தில் வேனின் பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் போக முடியும், அவ்வளவு ஒடுக்கம். மாடியில் நின்று பெண்கள் அடெல்மோவுக்குக் கைதட்டினார்கள். பின்னால் வாரியலைப் பார்த்து இவனுக்கும் தட்டினார்கள். அந்த ஒரு மணி நேரம் நல்லா இருந்துச்சு மக்கா என்றான் என்னிடம். அதை இரண்டு தடவை சொன்னான்.

மூன்றாவது ஊர் ரோக்கா சான் வித்தோ. மத்தியானம் பன்னிரண்டு பத்து. வாசலைத் தாண்டியதும் அடெல்மோ சதுக்கத்துக்குப் போகவில்லை. இடது பக்கம் ஒரு சந்தில் திரும்பினார். இவனும் திரும்பினான். ஒரு வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தார். தொப்பியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். இவனைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, வாசலில் தொங்கிய பாசிமணித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தான். யாராக இருந்தாலும் அதைத்தானே நினைப்போம். பத்து நிமிஷம் ஆனது. உள்ளே தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. இறைச்சிக் குழம்பு வாடை வந்தது. சரி, அவர் வீடு போலிருக்கிறது, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவார் என்று நினைத்தான். சைக்கிள் வெளியே நிற்கிறது. தொப்பி அதிலேயே தொங்குகிறது. எண் பலகையைக் கழற்றவில்லை. நம் ஊரில் ஒருத்தருடைய பைக்கும் ஹெல்மெட்டும் வாசலில் இருந்தால் என்ன அர்த்தம்? ஆள் இதோ வருகிறார் என்றுதானே?

கடைசி ஆள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தாளில் இல்லை அண்ணாச்சி. அதற்குப் பிறகு நான் மூன்று தடவை வாசித்துவிட்டேன். இல்லை.

அலுவலகத்துக்குப் போன் பண்ணினான். எடுக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு நின்றிருக்கிறார், நான் காத்திருக்கிறேன் என்று செய்தி போட்டான். பன்னிரண்டரைக்கு அங்கிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சரி, காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். அப்புறம் எனக்குப் பேசினான். நான் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"கதவத் தட்டிக் கேக்கட்டாலே?" என்றான்.

வேண்டாம் என்றேன். நான் சும்மா சொல்லவில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாற்றிப் போட்டிருந்த ஒரு தபாலைக் கொடுக்க நான் கீழ்வீட்டு மணியை அடித்தேன். அவர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் பண்ணி, அவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவர்களுக்குக் கோவில் மாதிரி. அதனால், தட்டாதே, விதியில் தட்டச் சொல்லவில்லை, நீ வண்டியிலேயே இரு என்றேன். அவன் சரி என்றான். அவன் எப்போதும் நான் சொன்னதைக் கேட்பான்.

ஒரு மணி இருக்கும், மணித்திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். அடெல்மோவின் மருமகள். கையில் ஒரு தட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது. சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக நீட்டினார். அவர்கள் வீட்டு நிழலில் இவன் மத்தியான ஓய்வுக்கு நிறுத்தியிருக்கிறான் என்று அவர் நினைத்திருக்கிறார். இது பிறகு தெரிந்தது. அப்போது இவனுக்குத் தோன்றியது வேறு. பார், அவருக்காக நான் இத்தனை நேரம் காத்திருக்கிறேனே என்று எனக்கும் போட்டு அனுப்புகிறார்கள் என்று நினைத்தான். பாஸ்தாவும் நாலு துண்டு இறைச்சியும். எல்லாவற்றையும் சாப்பிட்டான். தட்டை அவரே வந்து வாங்கிப் போனார். அவன் நன்றி சொன்னான். அவர் ஏதோ கேட்டார், இவன் வயிறு நிறைந்தது என்று காட்டினான்.

மறுபடி எனக்குப் பேசினான். "மக்கா, கை நனைச்சிட்டேன்லா. இனி எப்பிடி மொகத்தப் பாத்து, கெளம்புங்கன்னு சொல்லது?"

அதுவும் சரிதான் என்றேன். நீங்களே சொல்லுங்கள் அண்ணாச்சி. ஒரு வீட்டில் சோற்றை வாங்கித் தின்றுவிட்டு, பெரியவரே எழுந்து வாரும், நேரம் ஆகிறது என்று நம்மால் சொல்ல முடியுமா? அவன் வேண்டுமானால் மெதுவாகக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று இழுத்தான். பொறு, இன்னும் கொஞ்சம் பொறு என்று நான்தான் சொன்னேன்.

ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. உள்ளே பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. தெருவில் ஒரு பூனை மட்டும் நடந்தது. சைக்கிள் நிழலில் இருந்து வெயிலுக்கு வந்துவிட்டது. இவன் இறங்கிப் போய் அதைக் கொஞ்சம் நகர்த்தி நிழலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். தொடலாமா என்று ரொம்ப யோசித்துத்தான் தொட்டேன் என்றான்.

மூன்று மணிக்கு மேல் இரண்டும் ஒன்றாக வந்தது. எர்மான்னோ போனில் கத்தினார். அதே நேரம் அடெல்மோ அரைக்கால் சட்டையும் செருப்புமாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வெளியே வந்து, தொப்பியை எடுத்து, எண் பலகையைக் கழற்றினார். இவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ இன்னும் போகலையா? நீ எதுக்குப்பா இங்க இருக்க?"

"உங்களுக்காகத்தான்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டாராம். பதினோரு வருஷமாக அவர் இந்த ஓட்டத்தில் கிளம்புகிறார், பதினோரு வருஷமாக அவர் வீட்டு வாசலில் நிறுத்திச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார். அதற்கு மேல் அவர் போனதே இல்லை. அது அந்த மலை முழுக்க எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் ஒருத்தரும் இவனிடம் சொல்லவில்லை. அவரே போனை வாங்கி எர்மான்னோவிடம் பேசினார். நல்லவர், சத்தம் போட்டுத்தான் பேசினார். பேசி முடித்துப் போனைக் கொடுக்கும்போது இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்ற மூன்று ஊரிலும் மேஜைக்காரர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள், ரோடு அடைத்தே இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி, பாதாம்கொட்டை மாதிரி ஒரு கொட்டை காய்க்கும், அந்த மரக் காட்டில் ஒரு ஹாலந்துக்கார அம்மா முழங்கால் மடங்காமல் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். அங்கே சிக்னல் கிடையாது. அவரிடம் இருந்த தாளில், முடியாவிட்டால் அங்கேயே இருங்கள், துடைப்ப வண்டி வந்துவிடும் என்று எழுதியிருந்தது. அவரும் தாளில் இருந்தபடி இருந்தார். மூன்று மணி நேரம். தண்ணீர் தீர்ந்துவிட்டது. எர்மான்னோவிடம் வருஷா வருஷம் இருபது பேரைக் கூட்டிவருகிற அம்மா அவர். சுடலைமணிதான் தூக்கி ஏற்றினான். இறங்கும்போது, என்னை மறந்துட்டாங்கன்னு நினைச்சேன் என்றார்.

திங்கட்கிழமை அவன் போனான். நான்தான் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். எர்மான்னோ கத்தவில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தார். நீ நல்ல பையன், நேர்மையான பையன் என்றார். ஆனால் எனக்குக் கொஞ்சம் யோசிக்கிற ஆள் வேண்டும் என்றார்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான் என்றேனே, அப்போது அவன் கேட்டான். "மூணு மணி நேரம் யோசிச்சதத் தவிர நான் வேற என்னலே செஞ்சேன்?"

விடு, உன் மேல் தப்பில்லை, நீ விதிப்படிதான் இருந்தாய் என்றேன். அவன் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

ஜூன் இருபத்தெட்டு விமானம் ஏறினான். இப்போது இந்தப் பக்கம்தான் காற்றாலையில் வேலை. உச்சியில் ஏறி போல்ட்டு முறுக்குகிற வேலை. பரவாயில்லை என்கிறான்.

நானா? எனக்கு வேலை இருக்கிறது அண்ணாச்சி. எர்மான்னோவிடம்தான். ஜூலையில் கூப்பிட்டார்கள். வேன் இல்லை, ஆபீசில் உட்கார்ந்து பெயர் பதிகிற வேலை. யாராவது ஒருத்தரை அவர் எடுக்கத்தானே வேண்டும்? சுடலைமணியிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். போ என்றான். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னான், ஆனால் போ என்றான். நேர்முகத்தில் எர்மான்னோ, அவன் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். கதவைத் தட்டியிருப்பேன் என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கு அடெல்மோவைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்ததே.

வள்ளியூர் தாண்டிவிட்டோமா? அடுத்து பணகுடி. அவன் பைக்கோடு நிற்கிறேன் என்றிருக்கிறான். அவன் அம்மா மீன் வாங்கி வைத்திருக்கிறார்களாம். இறங்கத்தான் வேண்டும். ஆனாலும் அதைத் தாண்டி நாகர்கோவில் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

அவனிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எர்மான்னோவிடமும் கேட்கவில்லை. என் ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கிறது. சொன்னால் அவனுக்கு இப்போது என்ன ஆகப் போகிறது என்றும் தோன்றுகிறது. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் யாரோ எவரோ. ஜனவரியில், இந்த வருஷ ஓட்டத்துக்குப் பெயர் பதிவதற்காக நான் போன வருஷக் கோப்பைத் திறந்தேன். யார் முடித்தார்கள், யார் விலகினார்கள், எப்போது தகவல் வந்தது என்று வரிசையாக இருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்தது போதாது என்று அன்றைக்குக் கையால் எழுதின நோட்டையும் எடுத்துச் சரிபார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. எண் இருநூற்றுப் பதினான்கு, அடெல்மோ, விலகினார், வீட்டிலிருந்து மருமகள் போனில் தெரிவித்தார், நேரம் பன்னிரண்டு இருபது.